பனிவெளியில் காட்டுயிர் ஒளிப்படம்: ஒரு வரலாறு

பனி மூடிய நிலங்களில் வாழும் விலங்குகளையும் பறவைகளையும் அவற்றின் இயல்பான சூழலிலேயே படம் எடுப்பது, காட்டுயிர் ஒளிப்படக் கலையின் கடினமான பிரிவுகளுள் ஒன்று. தமிழில் பனி என்ற சொல் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் குறிக்கும், இமயமலையில் ஆளுயரம் குவியும் வெண்மையையும் குறிக்கும். இக்கட்டுரையில் வானிலிருந்து பொழிந்து நிலத்தை மூடும் பனி வெண்பனி என்றும், உறைந்த கடலின் மேற்பரப்பு கடற்பனி என்றும் குறிக்கப்படுகின்றன.

குளிரைத் தாங்க நல்ல உடையும் பழக்கமும் போதும். இக்கலையின் பெருஞ்சிக்கல் வெளிச்சம்தான். வெயில் அடிக்கும் பனிவெளியில் ஒளி மேலிருந்தும் கீழிருந்தும் வருகிறது. அந்த ஒளியை அளப்பதில் கருவியும் தவறும், மனிதக் கண்ணும் தவறும். இந்தத் தவறுகளைத் திருத்தக் கற்றுக்கொண்ட நூறாண்டுக் கதையே இக்கலையின் வரலாறு. அழகான படங்களைத் தந்ததோடு அக்கதை முடியவில்லை. பனியில் மறைந்து வாழும் உயிர்களை எண்ணவும், எண்ணியதைக் கொண்டு அவற்றைக் காக்கவும் உரிய சான்றையும் அதுவே தந்தது.

வெண்பனியும் ஒளியும்

புதிதாகப் பெய்த வெண்பனி தன்மேல் விழும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. புல்வெளியோ மண்தரையோ திருப்பி அனுப்புவது இதில் சிறு பங்கே. ஆகவே பனிவெளியில் நிற்கும் விலங்கின் முதுகில் வெயில் விழும்போதே, அதன் வயிற்றுப் பகுதியிலும் தரையிலிருந்து எழும் ஒளி படுகிறது. வெயில் படாத பனிப்பரப்பு நீலமாகத் தெரியும். அங்கே விழுவது நீல வானத்தின் ஒளி மட்டுமே என்பதே காரணம்.

இச்சூழலில் படமெடுப்பவர் முன் இரண்டு இடர்கள் உள்ளன. படத்தட்டிலோ ஃபிலிமிலோ விழவிடும் ஒளியின் மொத்த அளவை ஒளியளவு என்று கொள்வோம். ஒளியளவு மிகுந்தால் பனியின் மேடுபள்ளங்களும் காலடித் தடங்களும் அழிந்து, வெற்றுத் தாள் போன்ற வெண்மையே எஞ்சும். ஒளியளவு குறைந்தால் பனி அழுக்குச் சாம்பலாகும். அதன்மேல் நிற்கும் கரிய விலங்கு உருவமற்ற நிழலாகிவிடும். கருப்பு முதுகும் வெள்ளை மார்பும் கொண்ட பென்குயினைப் பனியில் படமெடுப்பவர் இவ்விரு இடர்களையும் ஒரே படத்தில் சந்திக்கிறார்.

நீலம் மட்டுமே கண்ட தட்டுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒளிப்படத் தட்டுகள் நீல ஒளியையும் புற ஊதாக் கதிர்களையும் மட்டுமே நன்கு உணர்ந்தன. மஞ்சள், சிவப்பு ஆகிய நிறங்கள் அவற்றில் கருமையாகவே பதிந்தன. பனிவெளியில் இதன் விளைவு விந்தையானது. நீல வானம் வெள்ளையாகியது, நீல நிழல்களும் வெளுத்தன. வெயில் பட்ட பனிக்கும் நிழல் விழுந்த பனிக்கும் வேறுபாடு குறைந்ததால் பனிவெளி தட்டையாகத் தோன்றியது.

1873ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், ஒளியுணர் பூச்சில் சில சாயங்களைக் கலந்தால் அது பச்சை போன்ற பிற நிறங்களையும் உணரும் என்று கண்டறிந்தார். இதன் வழியே ஆர்த்தோகுரோமேட்டிக் என்னும் தட்டுகள் உருவாயின. 1906இல் இங்கிலாந்தின் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம் எல்லா நிறங்களையும் உணரும் பேன்குரோமேட்டிக் தட்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. லென்ஸின் முன் மஞ்சள் கண்ணாடி வைத்து நீல ஒளியைக் குறைக்கும் முறையும் பரவியது. நீல நிழல்கள் கருமை பெற்றன. பனியின் அலைவடிவமும் தடங்களும் படத்தில் தெளிந்தன.

ஒளியை அளக்க அக்காலத்தில் மின்கருவி கிடையாது. ஒளிபட்டால் கருக்கும் தாள் துண்டு ஒன்றை வெயிலில் காட்டி, அது குறிப்பிட்ட நிறத்தை அடைய எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணும் சிறு கருவிகள் 1890களில் இங்கிலாந்தில் விற்கப்பட்டன. மாதம், நேரம், நிலநேர்க்கோடு ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் அட்டவணைகள் அச்சிட்ட கையேடுகளும் இருந்தன. இவை தரும் விடை தோராயமானது. மீதியை அனுபவமே நிரப்பியது.

ஹெர்பர்ட் பாண்டிங்கும் அண்டார்க்டிக்காவும்

இந்த அனுபவத்தைத் தென்முனைப் பனிவெளியில் சோதித்துப் பார்த்தவர் ஹெர்பர்ட் ஜார்ஜ் பாண்டிங். 1870இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் பிறந்த இவர், கலிபோர்னியாவில் வாழ்ந்த காலத்தில் ஒளிப்படக் கலையில் ஈடுபட்டார். 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரைப் படமெடுத்தார். ஜப்பான் பற்றிய இவரது நூல் 1910இல் வெளிவந்தது. அதே ஆண்டில் கேப்டன் ராபர்ட் ஃபால்கன் ஸ்காட், டெர்ரா நோவா கப்பலில் தாம் மேற்கொண்ட தென்முனைப் பயணத்துக்கு இவரைச் சேர்த்துக்கொண்டார். அண்டார்க்டிக்கப் பயணம் ஒன்றில் ஒளிப்படத்துக்கென்றே ஒரு தொழில்முறைக் கலைஞர் இடம்பெற்றது அந்நாளில் புதுமை.

1911 ஜனவரியில் கப்பல் ராஸ் தீவின் கேப் எவன்ஸ் பகுதியை அடைந்தது. பொருள்களை இறக்கிக்கொண்டிருந்த நாள்களிலேயே பாண்டிங்குக்கு ஓர் ஆபத்து நேர்ந்தது. கடற்பனியின் விளிம்பில் ஓர்க்கா திமிங்கிலங்கள் தலைதூக்குவதைக் கண்ட அவர், கருவியுடன் அவற்றை நோக்கி ஓடினார். திமிங்கிலங்கள் அடியிலிருந்து முட்டியதில் அவர் நின்ற பனித்தளம் பிளந்து துண்டுதுண்டாகியது. ஆடும் துண்டுகளின்மீது தாவித் தாவி, கருவியையும் விடாமல், அவர் உறுதியான பனியை அடைந்தார். அங்கே கட்டியிருந்த இரு நாய்களும் பிழைத்தன. ஏறத்தாழ இரண்டரை அடி தடிமனுள்ள பனியை ஓர்க்காக்கள் உடைக்க முடியும் என்பதை ஸ்காட் தம் நாட்குறிப்பில் வியப்புடன் பதிவு செய்தார்.

குடிலில் பாண்டிங்குக்கென ஒரு சிறு இருட்டறை இருந்தது. அதுவே அவரது படுக்கையறையும் கூட. கடுங்குளிர் அவரது வேலையின் ஒவ்வொரு படியிலும் குறுக்கிட்டது. படமெடுப்பவர் விடும் மூச்சு லென்ஸில் பட்டால் உடனே உறைந்து படலமாகும். வெளியில் உறைந்திருந்த கருவியைச் சூடான குடிலுக்குள் கொண்டுவந்தால், காற்றின் ஈரம் முழுதும் அதன்மேல் படியும். மீண்டும் வெளியே எடுத்துச் சென்றால் அந்த ஈரம் பனிக்கட்டியாகும். குளிரில் உலோகத்தை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். குவியம் பார்க்கும்போது உதட்டை ஈரமாக்க நீட்டிய நாக்கு, கருவியின் உலோகப் பகுதியில் ஒட்டி உறைந்துபோனதைப் பாண்டிங்கே எழுதியுள்ளார்.

இத்தனைக்கும் நடுவே அவர் அடெலி பென்குயின்கள், வெட்டல் கடல்நாய்கள், ஸ்குவா பறவைகள் ஆகியவற்றின் வாழ்க்கையைக் கண்ணாடித் தட்டுகளிலும் திரைப்படச் சுருளிலும் பதிந்தார். சூரியன் தாழ்ந்து நிற்கும் நேரத்தில் ஒளிக்கு எதிர்த்திசையிலிருந்து எடுப்பது அவருக்குப் பிடித்தமான முறை. அப்போது பனியின் ஒவ்வொரு மடிப்பும் நீண்ட நிழல் பெற்று உருவம் கொள்ளும். உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும் அதே இடம், சாய்ந்த ஒளியில் ஆழம் பெறும். இன்றும் பனிவெளிப் படக்கலைஞர்கள் காலையையும் மாலையையும் தேர்வதற்கு இதுவே காரணம்.

1912 தொடக்கத்தில் கப்பல் திரும்பியபோது பாண்டிங்கும் சுமார் 1,700 தட்டுகளுடன் நாடு திரும்பினார். ஸ்காட்டும் நான்கு தோழர்களும் 1912 ஜனவரி 17 அன்று தென்முனையை அடைந்து, திரும்பும் வழியில் உயிரிழந்தனர். அதன் பின் பாண்டிங்கின் படங்கள் ஒரு துயரத்தின் நினைவுச் சின்னமாயின. விலங்குகளைப் பற்றிய பதிவுகள் அந்நிழலில் சற்றே மறைந்தன. அவர் தம் திரைப்படச் சுருள்களைத் தொகுத்து 1924இல் 'தி கிரேட் வைட் சைலன்ஸ்' என்ற படத்தையும், 1933இல் 'நைன்ட்டி டிகிரீஸ் சவுத்' என்ற ஒலிப்படத்தையும் வெளியிட்டார். 1935இல் இலண்டனில் காலமானார்.

லெவிக்கின் குறிப்பேடு

அதே பயணத்தில் வடக்குக் குழு எனப்பட்ட ஆறு பேர் கேப் அடேர் என்னும் இடத்தில் தங்கினர். உலகின் மிகப் பெரிய அடெலி பென்குயின் குடியிருப்பு அங்கேதான் உள்ளது. அக்குழுவின் மருத்துவர் ஜார்ஜ் மரே லெவிக், 1911-12 கோடைக்காலத்தில் அப்பறவைகளின் இனப்பெருக்கப் பருவத்தைத் தொடர்ந்து கவனித்துப் படமெடுத்தார். 1914இல் வெளிவந்த அவரது 'அண்டார்க்டிக் பென்குயின்ஸ்' நூல் அப்பறவை பற்றிய ஆய்வுகளுக்கு முன்னோடியாக அமைந்தது.

ஒரு நூற்றாண்டு கழித்து, கேப் எவன்ஸ் குடிலின் வெளிப்புறத்தில் பனி உருகியபோது லெவிக்கின் குறிப்பேடு வெளிப்பட்டது. பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கும் நியூசிலாந்தின் அண்டார்க்டிக் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் 2014இல் இதை அறிவித்தது. ஒளியளவைக் குறித்து வைப்பதற்கென்றே அச்சிட்டு விற்கப்பட்ட, 1910ஆம் ஆண்டுக்கான வெல்கம் நாட்குறிப்பு அது. எந்த நாள், எந்தப் பொருள், எவ்வளவு ஒளியளவு என்று பென்சிலால் எழுதப்பட்ட குறிப்புகள் அதில் இருந்தன. பனியின் ஒளியை ஊகத்தால் வெல்ல முடியாது, ஒவ்வொரு படத்தின் கணக்கையும் எழுதி வைத்து, கழுவிய தட்டோடு ஒப்பிட்டே கற்க முடியும் என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர் என்பதற்கு இக்குறிப்பேடு சான்று.

ஒளிமானியும் சாம்பல் நிறமும்

1932இல் அமெரிக்காவின் வெஸ்டன் நிறுவனம் ஒளிமின்கலத்தால் இயங்கும் ஒளிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முள் காட்டும் எண்ணைப் படித்தால் போதும் என்ற நிலை வந்தது. ஆனால் பனிவெளியில் இக்கருவி ஒரு புதுத் தவறைக் கற்பித்தது.

தன் முன்னே இருப்பது வெண்பனியா கரிய பாறையா என்று ஒளிமானிக்குத் தெரியாது. எந்தக் காட்சியும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று அது கொள்கிறது. விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் நிறத்தை நடுத்தரச் சாம்பல் என்பது வழக்கம். வெண்பனியோ 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது. அதாவது ஐந்து மடங்கு. ஒளிமானி பனியைப் பார்த்து, வெளிச்சம் மிக அதிகம், குறைத்துக்கொள் என்று சொல்கிறது. அப்படியே கேட்டால் பனி சாம்பலாகப் பதியும்.

ஒளிப்படக் கலையில் ஒளியை இரு மடங்காக்குவதை ஒரு ஸ்டாப் என்பர். இரண்டு ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு. ஐந்து மடங்கு வேறுபாடு இரண்டு ஸ்டாப்பைவிடச் சற்றே மிகுதி. எனவே வெயிலில் மின்னும் பனி சட்டகம் முழுவதையும் நிரப்பும்போது, ஒளிமானி சொல்வதைவிட ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் கூடுதலாக ஒளி தரவேண்டும் என்ற நடைமுறை விதி பிறந்தது. பனி வெளிச்சமாக இருக்கிறது, ஆகவே ஒளியைக் குறைக்க வேண்டும் என்று புதியவருக்குத் தோன்றும். கருவியோ தேவைக்கு மேலாகவே குறைத்துவிட்டிருக்கும். ஆகவே அதன் அளவீட்டிலிருந்து கூட்டுவதே சரி.

1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறை இதை ஒழுங்குபடுத்தியது. முழுக் கருமையிலிருந்து முழு வெண்மை வரை படிகளாகப் பிரித்து, ஐந்தாம் படியை நடுச் சாம்பலாக வைத்தனர். ஒளிமானி எதைப் பார்த்தாலும் ஐந்தாம் படியில் வைக்கும். அதை எந்தப் படிக்கு நகர்த்துவது என்று முடிவு செய்வது மனிதரின் வேலை. நுணுக்கம் தெரியும் வெண்பனிக்கு ஏழாம், எட்டாம் படிகள் பொருந்தும்.

ஒளிமானி இல்லாதவர்களுக்கு ஃபிலிம் பெட்டியோடு வந்த சிறு தாளே வழிகாட்டியது. தெளிந்த வெயிலில் எஃப் 16 துளை, ஃபிலிமின் வேக எண்ணுக்கு இணையான ஷட்டர் வேகம் என்பது பொது விதி. வெயில் அடிக்கும் பனிக்கும் வெண்மணலுக்கும் எஃப் 22 என்று அத்தாள் கூறும். ஆனால் பனியில் கரிய விலங்கு நின்றால், அதன் ரோமத்தின் நுணுக்கத்துக்காக மீண்டும் எஃப் 16 அல்லது அதைவிட அகன்ற துளைக்கு வரவேண்டும். பனிக்கா விலங்குக்கா, எதற்கு முன்னுரிமை என்ற கேள்வியைத் தாள் தீர்த்து வைக்காது.

1963இல் லென்ஸின் வழியே வரும் ஒளியையே அளக்கும் டாப்கான் கேமரா வந்தது. 1983இல் நிக்கான் எஃப்ஏ, காட்சியைப் பல பகுதிகளாகப் பிரித்து அளந்தது. இன்றைய டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்தின் ஒளிப் பரவலையும் வரைபடமாகக் காட்டுகிறது. அவ்வரைபடம் வலது ஓரத்தை நெருங்க வேண்டும், ஆனால் அதில் மோதி வெட்டுப்படக் கூடாது என்பது இன்றைய பாடம். லெவிக் பென்சிலால் எழுதிக் காத்திருந்து கற்றதை, இன்று படமெடுத்தவுடன் திரையில் பார்க்க முடிகிறது.

வெள்ளைமேல் வெள்ளை

கரிய விலங்கைவிடக் கடினமானது பனியில் நிற்கும் வெள்ளை விலங்கு. துருவக்கரடி, ஆர்க்டிக் நரி, குளிர்கால இறகு பூண்ட டார்மிகன் பறவை ஆகியவற்றில் கருமையாக இருப்பவை கண்ணும் மூக்கும் போன்ற சில இடங்களே. படக்கலைஞருக்கு இது அழகியல் சிக்கல். விலங்குகளை எண்ண வேண்டிய அறிவியலாளருக்கு இது பெருந்தடை.

கனடாவின் கிழக்குக் கரையோரக் கடற்பனியில், பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் ஹார்ப் கடல்நாய்கள் குட்டி ஈனும். குட்டிகள் பிறந்த சில வாரங்களுக்குத் தூய வெள்ளை ரோமத்துடன் இருக்கும். அந்த ரோமத்துக்காகவே அவை பெருமளவில் வேட்டையாடப்பட்டன. எத்தனை குட்டிகள் பிறக்கின்றன என்று தெரியாமல் வேட்டையின் அளவை முடிவு செய்ய இயலாது. விமானத்திலிருந்து எடுத்த சாதாரணப் படங்களில் தாய்கள் தெரிந்தன, குட்டிகள் தெரியவில்லை.

1974இல் டேவிட் லவீன், நில்ஸ் ஓரிட்ஸ்லண்ட் என்னும் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். வெண்பனி புற ஊதாக் கதிர்களையும் திருப்பி அனுப்புகிறது. குட்டிகளின் வெள்ளை ரோமமோ அக்கதிர்களை உறிஞ்சிக்கொள்கிறது. புற ஊதாக் கதிர்களை மட்டும் பதியும்படி படமெடுத்தபோது, வெண்பனியின்மேல் குட்டிகள் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. துருவக்கரடியும் அவ்வாறே கருமையாகத் தோன்றியது. பழைய தட்டுகளின் குறையாகக் கருதப்பட்ட புற ஊதா உணர்வு, இங்கே எண்ணிக்கைக்கு உதவும் கருவியாகியது. கலைமான்களால் புற ஊதா ஒளியைக் காண முடியும் என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவற்றின் கண்ணுக்குப் பனிமேல் நிற்கும் வெள்ளை ரோமம் மறைவாக இருக்காது என்று கருத இது இடம் தருகிறது.

அதே காலத்தில் பத்திரிகைகளில் வந்த வெண்குட்டிகளின் படங்கள் ஐரோப்பிய மக்களிடையே கொந்தளிப்பை உண்டாக்கின. 1983இல் ஐரோப்பியச் சமூகம் குட்டிகளின் தோலை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. 1987இல் கனடா வெண்குட்டிகளின் வணிக வேட்டையை நிறுத்தியது. ஆனால் கடல்நாய்த் தோல் சந்தை முழுவதுமே சரிந்ததால், வளர்ந்த கடல்நாய்களை உணவுக்காக வேட்டையாடி அவற்றின் தோலை விற்று வாழ்ந்த இன்யூட் மக்களின் வருவாயும் வீழ்ந்தது. படத்தின் சட்டகத்துக்குள் வராதவர்களையும் அதன் விளைவு சென்று தொடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பனிச்சிறுத்தையைத் தேடி

துருவப் பகுதிகளில் விலங்குகள் திறந்த வெளியில் நிற்கின்றன. இமயமலையிலும் மத்திய ஆசிய மலைகளிலும் வாழும் பனிச்சிறுத்தை அப்படியன்று. சாம்பல் ரோமமும் கருவளையங்களும் பாறையோடும் பனியோடும் கலந்துவிடுவதால், அது கண்ணெதிரே படுத்திருந்தாலும் தெரிவதில்லை.

ஜார்ஜ் ஷாலர் என்னும் உயிரியலாளர் 1970 டிசம்பரில் பாகிஸ்தானின் சித்ரால் மலைகளில் ஒரு தாய்ப் பனிச்சிறுத்தையைக் கண்டார். ஆட்டை இரையாகக் கட்டி வைத்து, கொட்டும் பனியில் நாள்கணக்கில் காத்திருந்து படமெடுத்தார். இயற்கைச் சூழலில் வாழும் பனிச்சிறுத்தையின் அப்படங்கள் 1971 நவம்பர் நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வெளிவந்து, அவ்விலங்கை உலகுக்கு அறிமுகப்படுத்தின. 1973இல் ஷாலருடன் நேபாளத்தின் டோல்போ பகுதிக்குச் சென்ற எழுத்தாளர் பீட்டர் மத்தீசன், ஒரு பனிச்சிறுத்தையையும் காணாமலே திரும்பினார். அப்பயணத்தைப் பற்றிய அவரது நூல் பெரும் புகழ் பெற்றது. 1980களில் ராட்னி ஜாக்சன் நேபாளத்தில் ஐந்து பனிச்சிறுத்தைகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை பொருத்தி ஆராய்ந்தார்.

மனிதர் காத்திருந்து எடுக்க முடியாத படத்தைக் கருவியே காத்திருந்து எடுக்கட்டும் என்ற எண்ணம் தானியங்கிக் கேமராக்களை மலைக்குக் கொண்டுவந்தது. ஒளிப்படக் கலைஞர் ஸ்டீவ் வின்டர் லடாக்கின் ஹெமிஸ் பகுதியில் 14 தானியங்கிக் கேமராக்களை அமைத்து, மாதக்கணக்கில் காத்திருந்தார். பனி பொழியும் இரவில் நடந்துவரும் பனிச்சிறுத்தையின் படம் அவ்வாறு கிடைத்தது. 2008இல் அது அவருக்கு அவ்வாண்டின் சிறந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் விருதைப் பெற்றுத் தந்தது.

தானியங்கிக் கேமராவுக்கும் பனி இடையூறு செய்யும். புதைபனி லென்ஸை மூடும். கடுங்குளிரில் மின்கலத்தின் திறன் வீழும். இரவில் கேமராவின் விளக்கொளி அருகிலுள்ள பனியில் பட்டுத் திரும்பி, படத்தை வெளுக்கச் செய்யும். இங்கு ஒளியளவு பிழைத்தால் அழகு மட்டும் கெடுவதில்லை. ஒவ்வொரு பனிச்சிறுத்தையின் உடல் வளையங்களும் மனிதக் கைரேகைபோல் தனித்தன்மை கொண்டவை. வளையங்கள் தெளிவாகப் பதியாத படத்தைக் கொண்டு, நேற்று வந்த விலங்குதான் இன்றும் வந்ததா என்று சொல்ல முடியாது. ஒன்றையே இரண்டாக எண்ணினாலும், இரண்டை ஒன்றாக எண்ணினாலும் கணக்கு பிழையாகும்.

இந்தியாவில் 2019 முதல் 2023 வரை நடந்த முதல் நாடு தழுவிய கணக்கெடுப்பில் 1,971 இடங்களில் இத்தகைய கேமராக்கள் வைக்கப்பட்டன. அவற்றில் 241 தனித்தனிப் பனிச்சிறுத்தைகள் அடையாளம் காணப்பட்டன. அதன் அடிப்படையில் நாட்டில் 718 பனிச்சிறுத்தைகள் இருக்கலாம் என்ற மதிப்பீடு 2024 ஜனவரியில் வெளியிடப்பட்டது. அவற்றுள் 477 லடாக்கில் உள்ளவை. ஏனையவை உத்தராகண்டில் 124, இமாசலப் பிரதேசத்தில் 51, அருணாசலப் பிரதேசத்தில் 36, சிக்கிமில் 21, ஜம்மு காஷ்மீரில் 9.

படமெடுப்பவரின் கடமை

குளிர்காலம் விலங்குகளுக்குப் பஞ்ச காலம். கோடையில் சேர்த்த கொழுப்பைச் சிறுகச் செலவிட்டே அவை வசந்தம் வரை உயிர் தாங்குகின்றன. படத்துக்காக ஒரு மானை ஆழப் பனியில் ஓடவைத்தால், அது இழக்கும் ஆற்றலை ஈடுசெய்ய உணவு கிடைக்காது. நிலத்தில் அடங்கியிருக்கும் டார்மிகனைப் பறக்கச் செய்தாலும் அப்படியே. ஷாலரின் காலத்தில் இயல்பாகக் கருதப்பட்ட இரை வைக்கும் பழக்கம் இன்று கடுமையாக விமரிசிக்கப்படுகிறது. வட அமெரிக்காவில் பனி ஆந்தைகளை எலி காட்டி வரவழைத்துப் படமெடுப்பதைப் பறவை ஆர்வலர்கள் எதிர்க்கின்றனர்.

சட்டங்களும் வந்துள்ளன. அண்டார்க்டிக்காவில் 1991ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் உடன்படிக்கை விலங்குகளுக்குத் தொல்லை தருவதைத் தடுக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் 2025 ஜனவரி முதல் துருவக்கரடியை 300 மீட்டருக்கு மேல் நெருங்கக் கூடாது. மார்ச் முதல் ஜூன் வரை இத்தொலைவு 500 மீட்டர். பாண்டிங்கைப்போல் கருவியுடன் பனிவிளிம்புக்கு ஓடும் காலம் முடிந்துவிட்டது. நீண்ட லென்ஸும் பொறுமையும் அதன் இடத்தைப் பிடித்துள்ளன.

விண்ணிலிருந்து ஒரு பார்வை

எம்பரர் பென்குயின்கள் அண்டார்க்டிக்கக் குளிர்காலத்தில் கடற்பனியின்மீது முட்டையிட்டு அடைகாப்பவை. மனிதர் அணுக இயலாத இடங்களிலேயே அவற்றின் குடியிருப்புகள் பெரும்பாலும் உள்ளன. செயற்கைக்கோள் படங்களில் தனிப் பறவை தெரிவது அரிது. ஆனால் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் கூடியிருக்கும் பறவைகளின் எச்சம் பனியில் பழுப்புக் கறையாகப் படியும். 2009இல் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவன அறிவியலாளர்கள் இக்கறைகளைக் கொண்டே குடியிருப்புகளைக் கண்டறிந்தனர். 2012இல் வெளியான ஆய்வு 46 குடியிருப்புகளில் சுமார் 5,95,000 பறவைகள் இருப்பதாக மதிப்பிட்டது. படக்கலைஞரை நூறாண்டாகத் திணறவைத்த பனியின் வெண்மையே இங்கே எழுதுபலகை போல உதவியது.

அந்தப் பலகை இப்போது கரையத் தொடங்கியுள்ளது. 2022ஆம் ஆண்டில் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலின் மத்திய, கிழக்குப் பகுதிகளில் இருந்த ஐந்து குடியிருப்புகளுள் நான்கில் ஒரு குஞ்சும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று 2023இல் அதே நிறுவனத்தினர் தெரிவித்தனர். குஞ்சுகளுக்கு நீர் ஒட்டாத இறகு முளைக்கும் முன்பே கடற்பனி உடைந்து கலைந்ததே காரணம். செயற்கைக்கோள் படங்களில் அவர்கள் கண்ட அடையாளம் எளியது. முன்பு வெள்ளையும் பழுப்புமாகத் தெரிந்த இடத்தில், குஞ்சுகள் கடலில் இறங்கத் தயாராகும் காலத்துக்கு முன்பாகவே, கடலின் கருநீரே தெரிந்தது.